வெளுத்ததெல்லாம் புதிதல்ல

பழைய டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளைச் சேர்ப்பவரிடம் 'ஜெட்ஃபயர் ஒன்று கிடைத்திருக்கிறது' என்று சொல்லிப் பாருங்கள். விலையைக் கேட்குமுன் அவர் கேட்பது: வெள்ளையா, மஞ்சளா? ஜப்பானின் தகடோகு நிறுவனம் மாக்ரோஸ் அனிமே தொடருக்காகச் செய்த போர்விமானப் பொம்மையை 1985இல் ஹாஸ்ப்ரோ இந்தப் பெயரில் விற்றது. வெள்ளை உடல், அதன்மேல் மாட்டச் சிவப்புக் கவசம். இன்று கைக்கு வருபவற்றில் பல, பழுப்பேறிய பல் நிறத்தில் இருக்கின்றன. பெட்டியைப் பிரிக்காமல், வெயில் படாமல் காத்தவர்களுக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. மஞ்சளைக் கண்டதும் 'ஜன்னலோரம் போட்டுவைத்திருப்பான்' என்று முந்தைய சொந்தக்காரரைத் திட்டுவது பல நேரங்களில் அநியாயம்.

இதற்கு மருந்து கண்டவர்கள் பொம்மைக்காரர்கள் அல்லர். பழைய வீட்டுக் கணினிகளைச் சேர்த்துவந்த ஆர்வலர்கள் 2008வாக்கில் ஒரு கலவையை உருவாக்கி ரெட்ரோபிரைட் என்று பெயரிட்டார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு, துணிக்கறை போக்கும் தூள் கொஞ்சம், வழியாமல் ஒட்டி நிற்க ஒரு கெட்டிப்பொருள், மேலே புற ஊதாக் கதிர். இப்போது அதைக் கிண்டுகிறவர்கள் குறைவு. சலூன்களில் முடியின் நிறம் எடுக்கப் பயன்படும் 40 வால்யூம் டெவலப்பர் க்ரீமை, அதாவது 12 சதவீதப் பெராக்சைடை வாங்கிப் பூசி, க்ளிங் ஃபிலிமால் சுற்றி வெயிலில் வைத்துவிடுகிறார்கள். சிலர் நீர்த்த பெராக்சைடில் முழுக்கிச் சூடேற்றுகிறார்கள். மாலைக்குள் வெள்ளை தெரிய ஆரம்பித்துவிடும்.

அதைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இதை வெறும் ஏமாற்றுவேலை என்று தள்ளிவிட மாட்டார். பெயின்ட் அடித்தால் அசல் பரப்பு மறைந்துபோகும். உப்புத்தாளால் தேய்த்தால் அச்சின் நுண்கோடுகள் மழுங்கும். இந்த இரண்டு பாவங்களையும் செய்யாமல், சில நூறு ரூபாய்ச் செலவில், வீட்டிலேயே நிறத்தை மாற்ற முடிகிறது என்பது சின்ன விஷயமல்ல.

எனக்கு உறுத்துவது இதற்குச் சூட்டியிருக்கும் 'மீட்பு' என்ற சொல். இத்தகைய பொம்மைகள் பலவற்றுக்குப் பயன்படும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் பியூட்டாடீன் என்ற ரப்பர் பகுதி இருக்கிறது. கீழே விழுந்தால் உடையாத உறுதியைக் கொடுப்பது அதுதான். ஒளிக்கும் வெப்பத்துக்கும் ஆக்சிஜனுக்கும் முதலில் இரையாவதும் அதுதான். அந்தச் சிதைவில் பிறக்கும் சேர்மங்கள் நீல ஒளியை விழுங்குவதால் நம் கண்ணுக்கு மஞ்சள் தெரிகிறது. தீத்தடுப்புக்காகச் சேர்த்த புரோமின் சேர்மங்கள்தான் குற்றவாளி என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். கணினிப் பெட்டிக்கு அது பொருந்தலாம். தீத்தடுப்புக்கு வேலையே இல்லாத லெகோ கட்டையும் மஞ்சளாகிறதே!

பெராக்சைடும் ஓர் ஆக்சிஜனேற்றிதான். நிறம் தரும் பகுதிகளை அது தாக்கி நிறமிழக்கச் செய்கிறது. அறுந்துபோன மூலக்கூற்றுச் சங்கிலிகளை ஒட்டவைப்பதில்லை. பிளாஸ்டிக்கைக் கெடுத்த அதே ஆக்சிஜனேற்றத்தை இன்னும் ஒரு படி நகர்த்துகிறது என்றே சொல்லலாம். சலூனிலிருந்து வந்த க்ரீம் முடிக்குச் செய்வதையே பொம்மைக்கும் செய்கிறது.

அதனால்தான் மஞ்சள் திரும்பிவருகிறது. சிலருக்கு ஓரிரு ஆண்டுகளில் வந்திருக்கிறது, சிலருக்குப் பல ஆண்டுகள் ஆகியும் வரவில்லை. பெராக்சைடே இல்லாமல் வெறும் வெயிலில் வைத்து வெளுத்தவர்களும் உண்டு. அப்படியானால் க்ரீமுக்கு எத்தனை பங்கு, வெயிலுக்கு எத்தனை? பொம்மையின் ஒரு கைக்குப் பூசி, மறு கைக்குப் பூசாமல் பக்கத்தில் வைத்து ஆண்டுக்கணக்கில் ஒப்பிடும் பொறுமையை அதிகம் காணோம். 'முன் - பின்' படங்களுக்கு மட்டும் பஞ்சமில்லை. அவற்றில் பெரும்பாலானவை வெளுத்த அன்று எடுத்தவை. ஐந்தாம் ஆண்டுப் படத்தை யார் எடுத்துக் காட்டுகிறார்கள்?

செய்முறையிலும் ஆபத்துகள் உண்டு. க்ரீம் ஓரிடத்தில் காய்ந்து ஓரிடத்தில் தேங்கினால் திட்டுத்திட்டாக வெளுக்கும்; மஞ்சளையாவது சகித்துக்கொள்ளலாம், அந்தத் தேமலைச் சகிக்க முடியாது. சிவப்பு, நீலப் பகுதிகள் சாம்பல் பூத்ததுபோல் மங்கலாம். ஸ்டிக்கர் உரியும், குரோம் பூச்சு போகும், இரும்பு ஊசிகள் துருப்பிடிக்கும். எனவே பொம்மையைக் கழற்றியாக வேண்டும். நாற்பது வயதுப் பிளாஸ்டிக்கில் இறுகிப்போன ஊசியைச் சுத்தியால் தட்டி எடுக்கும்போது மூட்டு பிளந்துகொண்டால், வெள்ளையான உடைசல்தான் மிச்சம். 12 சதவீதப் பெராக்சைடு தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். கையுறை போடாமல் இதில் இறங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

லெகோ கட்டைகளுக்கு இந்த முறை தாராளமாகப் பொருந்தும் என்பேன். 1963இல் செல்லுலோஸ் அசிடேட்டைக் கைவிட்டு ஏ.பி.எஸ்.ஸுக்கு மாறிய கட்டைகள் அவை. பெரும்பாலானவற்றில் ஸ்டிக்கர் இல்லை, பெயின்ட் இல்லை, உலோகம் இல்லை. ஒன்று கெட்டால் அதே அச்சில் இன்னொன்று கிடைக்கும். வெள்ளைச் சுவரில் பத்துக் கட்டைகள் மட்டும் மஞ்சளாக இருந்தால், அவற்றை வெளுத்துவிட்டுக் குழந்தையிடம் கொடுப்பதில் என்ன தப்பு?

கென்னர் நிறுவனம் 1978இல் வெளியிட்ட ஸ்டார் வார்ஸ் பொம்மைகளில் வரும் ஸ்டார்ம்ட்ரூப்பர் வேறு விஷயம். மூன்றே முக்கால் அங்குல உருவம். அதிலேயே கை வெள்ளையாக, கால் மஞ்சளாக இருப்பதைப் பார்க்கலாம். ஒரே பொம்மையின் உறுப்புகள் ஒரே பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டிருக்க வேண்டியதில்லை. எந்தப் பகுதி எப்படி முதிர்ந்திருக்கிறது என்பது, அது எப்படித் தயாரானது, எங்கே இருந்தது, எந்த உறுப்பைப் பின்னால் மாற்றினார்கள் என்பதற்கெல்லாம் ஒரு சாட்சி. காலில் பொறித்த 'ஹாங்காங்' எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்து ஆராயும் அதே சேகரிப்பாளர், இந்தச் சாட்சியை ஒரே நாளில் கழுவிவிடுகிறார். எல்லாம் ஒரே வெள்ளையாகிவிட்டால், எது அசல் கால், எது ஒட்டுக்கால் என்று அப்புறம் அவராலேயே சொல்ல முடியாது.

கலைப்பொருள் பாதுகாப்பில் இந்தச் சண்டை பழையது. இத்தாலியரான செசாரே பிராண்டி 1963இல் வெளியிட்ட மீட்பியல் நூலில், ஒரு பொருள் காலத்தைக் கடந்துவந்த தடத்தை மீட்பவர் அழித்துவிடக் கூடாது என்று வாதிட்டார். அவர் மனத்தில் இருந்தவை ஓவியங்களும் சிற்பங்களும். அதை அப்படியே பொம்மைக்குப் பொருத்துவது எனக்கு ஒப்பவில்லை. வெண்கலத்தில் ஏறும் பச்சையை ரசிக்கத் தலைமுறைகளாகப் பழகியிருக்கிறோம். பிளாஸ்டிக் மஞ்சளை ரசிக்க யாரும் பழகவில்லை. பொம்மை வாங்குபவர் தேடுவது, சிறுவயதில் கடைக்கண்ணாடிக்குப் பின்னால் பார்த்த அந்த வெள்ளையை. அந்த ஏக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் அந்த ஏக்கத்துக்கு விலை வைக்கும்போது கணக்கு மாறுகிறது. வெள்ளை ஜெட்ஃபயருக்கு ஒரு விலை, மஞ்சளுக்கு ஒரு விலை என்றிருக்கும் சந்தையில், வெளுத்த பொம்மையை 'நிறம் மாறாதது' என்று விற்பதற்கு மோசடி என்றுதான் பெயர். வாங்கியவர் வீட்டு அலமாரியில் அது மறுபடி மஞ்சளாகும்போது, பழி அவருடைய அலமாரிமேல் விழும். எந்த மாதம், எந்த முறையில், எவ்வளவு நேரம் வெளுத்தேன் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் போட ஒரு நிமிடம் போதும்.

என்னிடம் மஞ்சளான ஜெட்ஃபயர் ஒன்று வந்தால், சிறகையும் மூக்கையும் தொடமாட்டேன். கழற்ற எளிதான, ஸ்டிக்கர் இல்லாத ஒரு சிறு உறுப்பை மட்டும் வெளுத்து மறுபடி மாட்டி, தேதியையும் குறித்துவைப்பேன். ஒரு வருடம் கழித்து அந்த உறுப்பின் நிறத்தைப் பார்த்த பிறகுதான் மற்றதைப் பற்றிப் பேச்சு.