தோப்பும் பூங்காவும்

சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1966ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. ஒரு மரத்தை நடுவில் நிறுத்தி, அதைச் சுற்றி ஒரு நகரம் மாறிய வரலாற்றைச் சொன்ன படைப்பு என்ற வகையில் அதன் சிறப்பு ஐயத்துக்கு இடமற்றது. எனினும் புளியமரத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு, அதே நாவலில் வெட்டுண்டு போகும் காற்றாடிமரத் தோப்பைப் பற்றி நாம் பேசுவதில்லை. நகரத்துக்கு அழகு வேண்டும் என்று கருதியோர் தோப்பை அழித்துப் பூங்கா அமைக்கின்றனர். மரத்தை வீழ்த்திவிட்டுச் செடி வைப்பானேன் என்ற கேள்வி, வேடிக்கை பார்த்து நிற்கும் சாதாரண மனிதரின் வாயிலிருந்து பிறக்கிறது. அதற்கு நேரிய விடை சொல்ல எவராலும் முடியவில்லை. செடியை மரமாக வளரவிடாமல் நறுக்கிக்கொண்டே இருப்பதுதான் பூங்காவின் அழகு என்பது தெரியவரும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. சிரிப்பைத் தொடர்ந்து ஒரு கூச்சமும் வருகிறது.

இந்தக் கிண்டலின் கூர்மையை நாம் முழுமனதோடு ஏற்கிறோம். ஆயினும் நாவலை மூடிய பின் ஒரு கேள்வி எஞ்சுகிறது. மரத்தை வெட்டுவோர் அதில் இருக்கின்றனர். மரத்தின் பெயரால் வணிகமும் அரசியலும் நடத்துவோர் இருக்கின்றனர். அழிவைக் கண்டு வருந்துவோரும் இருக்கின்றனர். ஆனால் ஊரார் ஒன்றுகூடி ஒரு தோப்பைப் பேணும் செயலை அந்நாவலில் காண்பதற்கில்லை. இதனை ஆசிரியரின் குறை என்று கூறுவது முறையன்று; தாம் கண்ட சமுதாயத்தை அவர் உள்ளவாறு தீட்டினார். பேணுவோர் இல்லாமை சமுதாயத்தின் குறை. அக்குறையின் வேர் எங்கே கிடக்கிறது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் பழைய இலக்கியம் மரத்தை நேசிக்கவில்லை என்று எவரும் சொல்லமுடியாது. நற்றிணைப் பாடல் ஒன்றில், தாய் ஒரு புன்னையை மகளுக்கு உடன்பிறந்தவள் என்று அறிமுகம் செய்கிறாள். அம்மரத்தின் நிழலில் காதலனோடு சிரித்துப் பேசவும் மகள் நாணுகிறாள். மரத்துக்கும் மனிதருக்கும் இடையிலான உறவை இதனினும் நுட்பமாகச் சொல்லுதல் அரிது. ஆனால் அதே தமிழ், பட்டினப்பாலையில், காட்டை அழித்து நாட்டை அகலப்படுத்தியதையும் குளங்களைத் தோண்டியதையும் கரிகாலனின் பெருமைகளாக அடுக்குகிறது. மகாபாரதத்தில் காண்டவ வனம் எரிந்த பின்னரே இந்திரப்பிரத்தம் செழிக்கிறது. பாரதியாரின் அக்கினிக் குஞ்சும் ஒரு காட்டை எரித்தே தன் வலிமையை நிலைநாட்டுகிறது. தனி மரம் உறவாகவும், காடு தடையாகவும் நம் கற்பனையில் இடம்பெற்றுவிட்டன.

இதற்காகப் பழம்புலவரைக் குற்றக் கூண்டில் ஏற்றுவது வரலாற்று உணர்வற்ற செயலாகும். ஏருக்கு நிலம் வேண்டியிருந்த காலம் அது. காட்டைத் திருத்தியவன் பசியைத் திருத்தினான். எனவே அவனைப் பாடியதில் நியாயம் உண்டு. நாம் கவலையோடு நோக்கவேண்டியது பிறிதொன்று. முல்லைக்கொடி படர்வதற்குத் தன் தேரை ஈந்த பாரியை இன்றும் பள்ளிகளில் கற்பிக்கிறோம். கொடிக்குத் தேவையாக இருந்தது ஒரு கொழுகொம்பு மட்டுமே. தேரை ஈந்த வள்ளலின் பெயர் நிலைத்துவிட்டது. நாள்தோறும் எத்தனையோ கொடிகளுக்குக் கொம்பு நட்டு நீர் வார்த்த கைகளுக்குப் பெயரே இல்லை. ஒருநாள் கொடையைப் பாடுவதும், அன்றாட உழைப்பைப் பாடாது விடுவதும் நிலப்பிரபுத்துவ இலக்கியத்தின் இயல்பு. அந்த இயல்பு நம் பொதுவாழ்விலும் இன்றுவரை தொடர்கிறது. மரநடுகை விழாவுக்குத் தலைமை தாங்குவோர் பாரியின் வழித்தோன்றல்கள். மறுநாள் கன்றுக்கு நீர் ஊற்றுபவர் எவர் என்று விழா மலர் குறிப்பிடுவதில்லை.

இலங்கையில் காடு அழிந்த வரலாற்றை நோக்கினால், உழைத்த கையின் பெயர் மறைக்கப்படுவது இதனினும் தெளிவாகத் தெரியும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் கிடந்த நிலமெல்லாம், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியது என்று விதித்தது. மக்கள் விறகுக்கும் சேனைப் பயிருக்கும் ஆண்டுவந்த நிலங்கள் அவ்வாறே கைமாறின. கோப்பித் தோட்டத் துரைமாருக்கு விற்கப்பட்டன. 1869இல் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பி அழிந்தபோது அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. உழைத்த கைகளுள் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் கைகளும் இருந்தன. புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் அவர்களது துயரத்தை எழுதினார், சி. வி. வேலுப்பிள்ளை அவர்களிடையே வாழ்ந்து பாடினார். காட்டை வெட்டியவருக்கு நிலத்தில் உரிமையில்லை. காட்டை இழந்த கிராமத்தவருக்கும் உரிமையில்லை. இருவரின் உழைப்பையும் இழப்பையும் கொண்டு மூன்றாமவர் செழித்தார்.

அழிந்த காட்டை மீளப் பெறமுடியுமா என்ற கேள்விக்கு நம் நாட்டிலேயே ஒரு விடை உண்டு. சாம் பொப்பம் என்னும் ஆங்கிலேயர் 1963இல் தம்புள்ளையில், கண்டலமைக்குச் செல்லும் பாதையோரம், சேனை செய்து கைவிடப்பட்ட முட்பற்றை நிலத்தை வாங்கினார். பாலையும் முதிரையும் கருங்காலியும் வீரையும் வளரும் உலர்வலயம் அது. அவர் முதலில் எல்லோரையும் போலக் கன்றுகளை நட்டார். அவற்றுட் பெரும்பாலானவை வறட்சியில் மாண்டன. பின்னர் பற்றைக்குள் தாமாக முளைத்து ஒளியின்றித் திணறிக்கொண்டிருந்த நாட்டு மரக்கன்றுகளை அவர் கவனித்தார். முட்செடிகளை மட்டும் அகற்றி, அக்கன்றுகளுக்கு ஒளியும் இடமும் கொடுத்து, ஆண்டுக்கு ஆண்டு பேணினார். காடு தானே எழுந்தது. பிற்காலத்தில் அதன் பராமரிப்பை, 1975இல் தோன்றிய ‘ருக் ரெககன்னோ’ என்னும் தன்னார்வச் சங்கம் ஏற்றது. ‘மரங்களைக் காப்போர்’ என்பதே அச்சிங்களப் பெயரின் பொருள்.

இதில் விஞ்ஞானப் பாடம் ஒன்றும், சமுதாயப் பாடம் ஒன்றும் அடங்கியுள்ளன. மண்ணில் விதையும் வேரும் உயிரோடு இருக்கும்வரை, மனிதன் காட்டைப் படைக்கவேண்டியதில்லை. அதை நெருக்கும் தடைகளை நீக்கினால் போதும். எதை வெட்டுவது, எதை விடுவது என்று அறிவதற்கு ஒவ்வொரு செடியையும் பெயரோடு அறிந்திருக்க வேண்டும். அவ்வறிவு ஒரு நாளில் வராது. ஒரே நிலத்துக்கு மீண்டும் மீண்டும் சென்று, குனிந்து, பார்த்து, களைந்து பழகிய கைக்கே அது வரும். ஒரு தோப்பைப் பேணுவோர் அத்தோப்பினாலேயே கல்வி பெறுகின்றனர். பாடநூலில் மட்டும் இலையைக் கண்ட நம் மாணவருக்கு இதனினும் நல்ல வகுப்பறை வேறில்லை.

தன்னார்வ உழைப்புக்கு நம் நாட்டில் ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு: சிரமதானம். 1958இல், கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியரான ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவரை அழைத்துக்கொண்டு கனத்தொலுவ என்னும் ஒதுக்கப்பட்ட சாதியினரின் கிராமத்துக்குச் சென்று அங்குள்ளோருடன் உழைத்தார். சர்வோதய இயக்கம் அவ்வாறு தொடங்கிற்று. ஓர் ஆசிரியரும் சில மாணவரும் சேர்ந்தால் எது இயலும் என்பதற்கு அது சான்று. எனினும் ‘தானம்’ என்ற சொல்லை நாம் ஆராயாமல் விடலாகாது. தானத்தில் கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர். பொதுத்தோப்பில் அத்தகைய பிரிவினை இல்லை. அங்கே உழைப்பவர் தமக்கும் தம் அயலாருக்கும் உரியதையே பேணுகிறார். ஆகவே அவ்வுழைப்பு உரிமையைப் பிறப்பிக்க வேண்டும். உழைப்பை மக்களிடம் பெற்று, முடிவை அலுவலகத்தில் எடுப்பதற்கு மக்கள் பங்கேற்பு என்று பெயரிடுவது 1840இன் சட்டத்தைப் புதிய மொழியில் எழுதுவதாகும்.

உலக அனுபவமும் இதையே உணர்த்துகிறது. 1974 மார்ச்சில், இமயமலைச் சாரலில் உள்ள ரேணிக் கிராமத்தில், ஆடவர் ஊரில் இல்லாத வேளை, குத்தகைக்காரரின் ஆட்கள் மரம் வெட்ட வந்தனர். கௌரா தேவியின் தலைமையில் பெண்கள் காட்டுக்குள் சென்று அவர்களைத் தடுத்துத் திருப்பினர். அது சிப்கோ இயக்கத்தின் முதன்மையான நிகழ்ச்சி. அப்பெண்கள் அழகுணர்ச்சியினால் மட்டும் அங்கே போகவில்லை. விறகும் தீவனமும் நீரும் அக்காட்டிலிருந்தே வந்தன. நேபாளம் 1993ஆம் ஆண்டின் வனச் சட்டத்தினால் காடுகளின் நிர்வாகத்தை ஊர்க் குழுக்களிடம் ஒப்படைத்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் அங்கே இயங்குகின்றன. காவலும் பயனும் முடிவும் ஒரே கையில் இருக்கும்போதுதான் பேணுதல் நீடிக்கும் என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன.

கொழும்பில் வாழும் நமக்குக் காட்டோடு என்ன தொடர்பு என்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள நண்பர்கள் கேட்கலாம். தொடர்பு நம் முகவரியிலேயே இருக்கிறது. வெள்ளவத்தை என்பது மணல்வெளித் தோட்டத்தைக் குறிக்கும் சிங்களப் பெயர். கொட்டாஞ்சேனையில் ‘சேனை’ நிற்கிறது. செல்வர் வாழும் பகுதிக்குக் கறுவாத்தோட்டம் என்று பெயர். தோட்டங்கள் போய்விட்டன, பெயர்கள் மாடிக்கட்டடங்களின் வாயிலில் தொங்குகின்றன. எஞ்சியிருப்பவை நகரைச் சூழ்ந்த சதுப்பு நிலங்களும், அவற்றின் கரையில் நிற்கும் மரச்செறிவுகளுமே. 2010 நவம்பர் மழையில் நாடாளுமன்றச் சுற்றாடலே நீரில் மூழ்கியபோது, அச்சதுப்புகள் வெள்ளத்தைத் தாங்கும் பாத்திரங்கள் என்பதை நகரம் நினைவுகூர்ந்தது. 2018இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ்க் கொழும்பு ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது.

இது மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆனால் அதே காலத்தின் மற்றொரு செய்தியையும் அதனருகே வைத்துப் படிக்கவேண்டும். 2010க்குப் பிந்திய ஆண்டுகளில், நகரை அழகுபடுத்தும் திட்டங்களின் பெயரால், கால்வாய்க் கரைகளிலும் சேரிகளிலும் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. நடைபாதைகளும் புல்வெளிகளும் எழுந்தன. அங்கு மாலையில் உலாவச் செல்வோர் வேறு; முன்பு அங்கு வாழ்ந்தோர் வேறு. சுந்தர ராமசாமியின் நகரத்தில் தோப்பை வெட்டிப் பூங்கா அமைத்தனர். நம் நகரத்தில் மனிதரை அகற்றிப் பூங்கா அமைத்தனர். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்: இயற்கை பார்ப்பதற்குரிய காட்சி, அதில் உழைத்து வாழ்வோர் அக்காட்சிக்கு இடையூறு.

தன்னார்வமாக மரம் பேண முன்வரும் ஆசிரியரும் மாணவரும் இவ்வெண்ணத்துக்குத் துணைபோகலாகாது. அவர்கள் செய்யும் வேலை மாநகரசபை செய்யவேண்டிய கடமைக்குக் கூலியற்ற மாற்றாகவும், துப்புரவுத் தொழிலாளரின் தொழிலைப் பறிப்பதாகவும் ஆகிவிடலாகாது. ஒரு சதுப்பின் கரையில் களை அகற்றச் செல்லும் மாணவர் குழு, அக்கரையில் வாழ்வோரை முதலில் சந்திக்கட்டும். எந்த மரம் எப்போது பூக்கும், எந்த வாய்க்கால் எங்கே அடைக்கும் என்பதை அவர்களிடம் கற்கட்டும். நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை விடுத்து, மூன்றாண்டுகளின் பின் உயிரோடு நிற்கும் கன்றுகளின் எண்ணிக்கையைக் கணக்கிடட்டும். அந்நிலத்தைப் பற்றிய முடிவுகளில் அங்கு வாழ்வோருக்கும் உழைப்போருக்கும் இடம் வேண்டும் என்று எழுத்து மூலம் கேட்கட்டும். சிங்கள, முஸ்லிம், தமிழ் மாணவர் ஒருங்கே நின்று செய்யத்தக்க வேலை இது. களைக்கும் கன்றுக்கும் மொழிப் பிரிவினை தெரியாது.

எழுத்தாளரிடமும் நமக்கு ஒரு கோரிக்கை உண்டு. வீழ்ந்த மரத்துக்கான இரங்கல் நம் மொழியில் நிறைய எழுதப்பட்டாகிவிட்டது. மரத்தைத் தாயென்றும் தெய்வமென்றும் விளிக்கும் கவிதைகளுக்கும் பஞ்சமில்லை. மண்வெட்டியோடு இரண்டாம் முறையும் பத்தாம் முறையும் அதே நிலத்துக்குச் செல்லும் மனிதரைப் பற்றிய கதைதான் நமக்குக் குறைவு. அவர்களுக்குள் நிகழும் சண்டை, சலிப்பு, அதிகாரியோடு நடத்தும் வாதம், மழை பொய்த்த ஆண்டின் சோர்வு, முதல் பூவைக் கண்ட நாள் ஆகிய யாவும் இலக்கியத்துக்குரிய பொருளே. தேரை ஈந்த மன்னன் போதிய அளவு பாடப்பட்டுவிட்டான். கொழுகொம்பு நட்டவரைப் பாடும் கடமை இனி நம்முடையது. அதற்கு முன்பாகக் கொழுகொம்பு நடும் கடமையும் நம்முடையதே.