சம்மாங்காரரின் கொப்பியும் எமது மண்வாசனையும்

திருகோணமலைத் துறைமுகப் பகுதி முஸ்லிம் கவிஞர்களின் கவிதைகளைத் தொகுப்பதற்காகச் சில வருடங்களுக்கு முன்னர் நாங்கள் ஐந்து பேர் கூடினோம். உட்துறைமுக வீதிக்குப் பக்கத்தில் ஒரு நண்பரின் வீட்டு விறாந்தைதான் எங்கள் காரியாலயம். மேசைக்கு வந்தவற்றுள் அச்சேறாத ஒரு பழைய கொப்பியும் இருந்தது. எழுதியவர் மௌத்தாகி நெடுங்காலம். மகள்வழிப் பேரன் கொண்டுவந்து தந்திருந்தார்.

கொப்பி கைமாறியபோது எங்களில் மூத்தவர் கேட்டார்: "இவரு சம்மாங்காரர்தானே? பிரசாவுரிமைகூட இல்லாம மௌத்தான மனிசன். எங்கட மண்ணுக் கவிஞரெண்டு இவர எப்படிப் போடுற?"

ஒருவரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பட்டியலில் அந்தப் பெயர் சேரவில்லை. பட்டியலின் அடியில் எனது கையொப்பம் இருக்கிறது. தொகுப்பு வெளிவந்தது, விழா நடந்தது, பொன்னாடையும் போர்த்தினார்கள். இக்கட்டுரை அந்தத் தொகுப்பின் மீதான விமர்சனம். தொகுத்தவர்களில் ஒருவன் என்ற வகையில் என் மீதானதும்தான்.

1

முதலில் கவிதையைப் பேசுவோம். கொப்பிக்காரர் கடற்படைத் தளத்து வாசலருகே தேநீர்க்கடை வைத்திருந்தவர். பிரித்தானியர் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தது 1957 ஒக்டோபரில். அந்த நாட்களைப் பற்றி அவர் நீண்ட கவிதை ஒன்று எழுதியிருக்கிறார். குறைகள் அதில் நிறைய உண்டு. எதுகைக்காகச் சொற்கள் வளைக்கப்படுகின்றன. முதலிரு பந்திகள் முனாஜாத்தின் பழகிய தடத்தில் போகின்றன. அரபுச் சொற்கள் சில அடியை நிரப்பவே வந்திருக்கின்றன.

மூன்றாம் பந்தியில் கடன் கொப்பி திறக்கப்படுகிறது. அதன் பிறகு கவிதை வேறொன்றாகிறது. மலையாளி பிற்றர் தரவேண்டியது இவ்வளவு, யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் தரவேண்டியது இவ்வளவு, மூதூர் வள்ளக்காரர், சிங்களக் கூலியாள், வெள்ளைக்காரச் சமையற்காரன் என்று கணக்கு நீள்கிறது. யார் எங்கே போனார் என்பதையும் ஒவ்வொரு வரியின் ஓரத்தில் அவர் குறித்து வைக்கிறார். கச்சான் ஓய்ந்து வாடை எழும்பும் வேளையில் துறையில் கட்டிய வள்ளங்கள் முகம் திரும்புவது போகிற போக்கில் வந்து போகிறது. கடைசியில் அவர் கொப்பியைக் கிழிக்கவில்லை. திரும்பி வருகிறவனை அடையாளம் கண்டு விசாரிக்க ஒரு ஆளாவது இருக்க வேண்டுமே என்கிறார்.

இந்தக் கவிதைக்குப் பின்னால் ஒரு அரசியல் இருக்கிறது. தளம் மூடப்பட்டதால் வேலையிழந்த சுமார் 400 தமிழ்த் தொழிலாளரைப் பதவியாவில் குடியேற்ற அரசாங்கம் திட்டமிட்டது. அதற்கெழுந்த எதிர்ப்பு, 1958 கலவரத்துக்கு முந்திய பதற்றத்தை வளர்த்த காரணங்களில் ஒன்று. ஒரே நாட்டுக்குள், துறைமுகத்துத் தொழிலாளி விவசாயக் குடியேற்றத்தில் வந்தான்வரத்தான் ஆனான். கொப்பிக்காரர் இதை அரசியலாக எழுதவில்லை. யாருடைய கணக்கு எங்கே அறுந்தது என்று மட்டும் எழுதினார். எனக்கு அது போதும்.

நாங்கள் தொகுப்பின் முதற் கவிதையாகப் போட்டது வேறொன்று. எழுதியவர் நண்பர் என்பதால் பெயரை விடுகிறேன். தாய்மண் என்ற சொல் அதில் எட்டுத் தடவை வருகிறது. காற்று இல்லை, வள்ளம் இல்லை, ஒரு மனிதரின் பெயரும் இல்லை. புத்தளத்திலும் எழுதலாம், பொலன்னறுவையிலும் எழுதலாம். எழுதியவரின் பூட்டன் திருகோணமலையில் பிறந்தவர் என்ற ஒன்றுதான் அதைத் 'திருகோணமலைக் கவிதை' ஆக்கியது.

2

சம்மாங்காரர் என்ற சொல் இளைய வாசகருக்குத் தெரியாமலிருக்கலாம். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் முதலிய கரையூர்களிலிருந்து வியாபாரத்துக்கும் தொழிலுக்கும் வந்த முஸ்லிம்களுக்கு இங்குள்ள சோனகர் இட்ட பெயர் அது. குடிசன மதிப்பீடு அவர்களை இந்தியச் சோனகர் என்றும் எம்மை இலங்கைச் சோனகர் என்றும் பிரித்தெழுதியது. மார்க்கமும் மொழியும் ஒன்று. அரபுத் தமிழில் ஓதிய மாலைகளும் ஒன்று. பிரித்தது வந்திறங்கிய திகதிதான்.

அந்தத் திகதியை ஊன்றிப் பார்த்தால் என்ன தெரிகிறது? இலங்கையின் பிரதம நீதியரசராக இருந்த அலெக்சாண்டர் ஜோன்ஸ்ரன் 1827 இல் எமது மூத்தோரிடையே வழங்கிய மரபுக்கதையைப் பதிவு செய்தார். கலீபா அப்துல் மலிக்கின் கொடுமைக்குத் தப்பிய ஹாஷிம் வம்சத்தார் 8 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தத் தீவின் கரைகளில் எட்டுக் குடியிருப்புகளை அமைத்தார்கள் என்பது கதை. அந்த எட்டில் ஒன்று திருகோணமலை. வரலாற்றாசிரியர்கள் இதை அப்படியே ஏற்பதில்லை. ஆனாலும் எமது மூத்தோர் தம்மைப் பற்றித் தாமே சொன்ன கதை இது. அதன்படி நாம் அகதிகளாக இந்தத் துறைமுகத்தில் இறங்கியவர்கள்.

1888 இல் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழரே என்று கட்டுரை வாசித்தார். சட்ட நிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் பேசப்பட்ட காலம் அது. மறு வருடம் அந்த ஆசனம் கிடைத்தது. ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907 இல் இராமநாதனுக்கு மறுப்பு எழுதினார். எமது விமர்சன மரபின் முக்கியமான பிரதிகளில் ஒன்று அது. எமக்கொரு தனித்துவத்தைப் பெற்றுத் தந்த நூல் என்ற மதிப்பு எனக்கு உண்டு. ஆனால் அந்த விவாதத்தில் ஒரு விடயம் இரு தரப்புக்கும் பொதுவாக இருந்தது. உரிமை என்பது வம்சத்திலிருந்து வருகிறது என்று இருவருமே நம்பினார்கள். அந்த அளவுகோலை நாம் கேள்வி கேட்கவில்லை; அதிலே எமது உயரத்தைக் குறிக்கவே போராடினோம்.

அளவுகோல் அடுத்தவர் கைக்கும் போகும். 1915 கலவரத்துக்கு மூலமான கம்பளைப் பெரஹரா வழக்கில் சம்பந்தப்பட்டது சம்மாங்காரரின் பள்ளிவாசல். அது அவர்களுடைய பிணக்கு, எம்முடையதல்ல என்று பேசும் வழக்கம் எம்மிடையே இன்றும் உண்டு. கடைகளுக்குத் தீ வைத்தவர்கள் உரிமையாளர் எந்தச் சோனகர் என்று விசாரித்துக்கொண்டிருக்கவில்லை.

3

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இந்த அளவுகோலைச் சட்டமாக்கியது. இங்கே பிறந்தது மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். பூட்டன் பிறந்த காலத்தில் பிறப்புப் பதிவு ஏது? அடுத்த வருடம் வந்தது இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம். தலைப்பிலே பாகிஸ்தான் இருந்தும், இது தோட்டத் தொழிலாளரின் பிரச்சினை என்று எமது பேனாக்கள் ஒதுங்கின. சுமார் 8 இலட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. 1960 களின் நடுப்பகுதிவரை கிடைத்தது ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கு வைத்தது.

கொப்பிக்காரரும் விண்ணப்பித்தார். தொடர்ச்சியான வசிப்பை நிரூபிக்கச் சொன்னார்கள். உம்மாவின் மௌத்துக்குப் போனவர் அங்கே நோயில் கிடந்து, ஒரு வருடத்துக்கு மேல் தங்கித் திரும்பியிருந்தார். அந்த இடைவெளியில் விண்ணப்பம் விழுந்தது. பேரன் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். கவிதைகளில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அச்சட்டம் வந்த காலத்து அமைச்சரவையில் டி. பி. ஜாயா இருந்தார். மலையகத்தின் துயரை எழுத சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் இருந்தார்கள். சம்மாங்காரரின் துயரை எழுத வேண்டியவர்கள் நாம். நாம் எழுதவில்லை. எழுதி வைத்திருந்த ஒருவரின் கொப்பியையும் திருப்பிக் கொடுத்தோம்.

4

இது எமது தீவின் நோய் மட்டுமல்ல. சாமுவேல் ஹன்டிங்டனை 'நாகரிகங்களின் மோதல்' எழுதியவராக எமக்குத் தெரியும். மறுத்து எத்தனையோ பக்கங்கள் எழுதியிருக்கிறோம். அதே ஹன்டிங்டன் 2004 இல் 'நாம் யார்?' என்ற நூலில் மெக்சிக்கோக் குடியேறிகளைக் குறிவைத்தார். அவர்கள் தமது மொழியை விடுவதில்லை, எல்லைக்கு அப்பாலுள்ள ஊரோடு உறவை அறுப்பதில்லை, ஆகவே அமெரிக்கா இரண்டாகப் பிளந்துவிடும் என்பது அவரது அச்சம். 1848 ஒப்பந்தத்தால் மெக்சிக்கோவின் வடபாதி அமெரிக்காவானபோது அங்கிருந்த மக்கள் எல்லையைக் கடக்கவில்லை. எல்லைதான் அவர்களைக் கடந்தது. 1930 களின் மந்தத்தில் மெக்சிக்கோவுக்கு அனுப்பப்பட்டவர்களில் பெருந்தொகையானோர் அமெரிக்காவிலேயே பிறந்த பிரசைகள். 2006 இல் லொஸ் ஏஞ்சலிஸ் ஊர்வலத்தில் மெக்சிக்கோக் கொடியைக் கண்டதும் விசுவாசம் எங்கே என்ற கேள்வி எழுந்தது. 2025 ஜூனில் அதே நகரில் அதே கொடி, அதே கேள்வி. அவ்வருட ஜனவரியில் ஜனாதிபதி ட்ரம்ப், ஆவணமற்ற பெற்றோருக்கு அங்கு பிறக்கும் பிள்ளைகளின் பிறப்புரிமைக் குடியுரிமையை மறுத்துக் கட்டளை பிறப்பித்தார். விடயம் நீதிமன்றங்களுக்குப் போனது. தகப்பனின் தாளைக் காட்டு என்ற எமது 1948 இன் குரல் அதில் கேட்கவில்லையா?

ஹன்டிங்டன் முஸ்லிம்களைப் பற்றி எழுதினால் எமக்குக் கோபம் வருகிறது. மெக்சிக்கோக்காரரைப் பற்றி எழுதினால் அது அமெரிக்காவின் உள்வீட்டுச் சங்கதி. சம்மாங்காரரைப் பற்றி நாமே பேசினால் அது மண்ணின் உரிமை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் ஊரை விட்டு விரட்டப்பட்டபோது தலைமுறைக் கணக்கு அவர்களைக் காப்பாற்றவில்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு பஸ்ஸிலும் சந்தையிலும் எம்மை நோக்கி வந்த பார்வையும் பூட்டனின் பிறப்பிடத்தை விசாரித்து வந்ததல்ல.

5

மண்வாசனையையே நிராகரிக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். 1960 களில் தேசிய இலக்கியமும் மண்வாசனையும் பேசப்பட்டதால்தான் கிழக்கு முஸ்லிம்களின் பேச்சுமொழி கதைகளில் தலை நிமிர்ந்தது. தமிழகத்தை அண்ணாந்து பார்த்த பார்வையிலிருந்து எம்மை விடுவித்ததும் அதுதான். அந்தக் கடனை மறுக்க முடியாது. ஆனால் மண்வாசனை என்பது பிரதியில் இருக்க வேண்டிய குணம். அதை எழுதியவரின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் தேடத் தொடங்கிய நாளில் விமர்சகன் குடிவரவுத் திணைக்களத்து உத்தியோகத்தனாகிவிட்டான். நானும் ஒரு நாள் அந்தக் கதிரையில் இருந்தேன்.

தொகுப்புக்கு இரண்டாம் பதிப்பு வரப்போவதாகச் சொல்கிறார்கள். கொப்பிக்காரரின் கவிதையை, குறைகளோடும் குறிப்போடும், அதில் சேர்க்க வேண்டும் என்று குழுவுக்கு எழுதியிருக்கிறேன். மூத்தவர் இன்னும் பதில் தரவில்லை. பேரனையும் போய்ப் பார்த்தேன். சலாம் சொல்லி இருத்தினார், தேநீர் தந்தார். கொப்பியை மட்டும் தரவில்லை. "ஒருக்கா தந்தனான்தானே சேர்," என்றார்.

அவர் சொன்னதில் பிழையில்லை. அடுத்த தடவை குழுவின் தீர்மானத்தை எழுத்தில் எடுத்துக்கொண்டுதான் அந்த வீட்டுப் படியேற வேண்டும்.