கனவுக் கதையும் குறைகாணும் முறையும்

கனவைப் பொருளாகக் கொண்ட கதையிற் பிழை காண்பது எளிது. கண்ட பிழை கதையின் பிழைதானா என்று துணிவதே அரிது. ஒருவர் கனவினுட் பலர் ஒருங்கே புகுதலைக் கூறும் 'இன்செப்சன்' என்னும் ஆங்கிலத் திரைப்படம் 2010 இல் வெளிவந்தது. அன்று தொட்டு, அதன் கதையில் ஓட்டைகள் உளவா என்னும் வாதம் ஓயவில்லை. தமிழகச் சிற்றூரொன்றைக் களமாக்கி, மலையாளமும் தமிழும் விரவ லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கிய 'நண்பகல் நேரத்து மயக்கம்' 2023 சனவரியில் திரையரங்குகளுக்கு வந்தபோதும் அத்தகைய வினாக்களே எழுந்தன. இவ்விரண்டையும் ஒப்புநோக்கின், கனவுக் கதையை அளத்தற்குரிய கோல் யாதென்பது புலனாகும்.

குறை எனப்படுவன மூவகைப்படும். உலகியலோடு மாறுபடுதல் ஒன்று. சொல்லாது விடுதல் ஒன்று. கதை தான் வகுத்த விதியைத் தானே மீறுதல் ஒன்று. முதலிரண்டும் கதையின் இயல்பாகலாம். மூன்றாவதே உண்மையான குறையாகும்.

'இன்செப்சன்' படத்தை இயக்கிய கிறித்தோபர் நோலன் தம் கனவுலகுக்குத் திட்டமான சட்டங்களை வகுத்துள்ளார். கனவினுட் கனவாக இறங்குந்தோறும் காலம் இருபது மடங்காக நீள்கிறது. பத்து மணிநேர விமானப் பயணம் முதற்படியில் ஏறக்குறைய ஒரு வாரமாகவும், இரண்டாம்படியில் ஆறு மாதமாகவும், மூன்றாம்படியிற் பத்தாண்டாகவும் விரிகிறது. பெருக்கிப் பார்ப்பின் கணக்கு ஏறத்தாழப் பொருந்தும். உறங்குவோன் உடலுக்கு நேர்வது அவன் கனவிலும் தாக்கும் என்பது மற்றொரு சட்டம். முதற்படியில் வண்டி பாலத்திலிருந்து வீழ, இரண்டாம்படியாகிய விடுதியில் யாவரும் எடையிழந்து மிதக்கின்றனர். அங்ஙனமாயின், அவ்விடுதியில் மிதந்தவாறு உறங்குவோர் மூன்றாம்படியாகிய பனிமலையில் நிலத்திற் காலூன்றி ஓடுதல் எவ்வாறு? இதற்குப் படம் தெளிவான விடை தரவில்லை. இக்குற்றச்சாட்டு ஏற்கத்தக்கதே. ஆனால், இறுதியிற் சுழலும் பம்பரம் வீழ்ந்ததா, வீழவில்லையா என்று காட்டாமையைக் குறையென்பது பொருந்தாது. அது விதி மீறல் அன்று. கருதியே கொண்ட மௌனம்.

இவ்வளவுகோல் தமிழ் மரபுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்திற் கண்ணகி தான் கண்ட தீக்கனவைத் தேவந்திக்கு உரைக்கிறாள். கோவலன் தான் கண்ட கனவை மாடலனுக்கு உரைக்கிறான். வேறுவேறிடத்துக் கூறப்பட்ட இரு கனவுகளும் ஒரே கேட்டினையே முன்னுணர்த்துகின்றன. இருவரும் ஒன்றையே கண்டது எங்ஙனம் என்று எவரும் வினவுவதில்லை. ஊழ்வினையின் ஆட்சியைப் பதிகத்திலேயே கூறிவிட்ட காப்பியத்தில், அவ்வூழே இரு கனவுக்கும் வித்தென்பது வெளிப்படை.

'நண்பகல் நேரத்து மயக்கம்' படமும் தன் சட்டத்தைத் தொடக்கத்திலேயே அறிவிக்கிறது. வேளாங்கண்ணி யாத்திரை முடித்துக் கேரளம் திரும்புவோர் தங்கும் விடுதியில், உறக்கத்தைச் சாவுக்கும் விழிப்பைப் பிறப்புக்கும் ஒப்பிடும் 339 ஆம் குறளின் பொருள் கேட்கப்பட்டு விளக்கப்படுகிறது. பின்னர்ப் பேருந்தில் நண்பகல் உறங்கி விழித்த ஜேம்ஸ், வயல்வழி நடந்து, முன்பின் அறியாத ஊரிலே ஒரு வீட்டினுட் புகுகிறான்; கைலியை மாற்றுகிறான்; மாட்டைப் பேணுகிறான். அவ்வீட்டிலிருந்து காணாமற்போன சுந்தரமாகவே பேசுகிறான். மம்மூட்டி ஏற்று நடித்த இவ்வேடம் அவருக்குக் கேரள அரசின் 2022 ஆம் ஆண்டுக்குரிய சிறந்த நடிகர் விருதைப் பெற்றுத் தந்தது.

தமிழ்ப் பாட்டையும் உணவையும் வெறுத்தவன் நொடியில் தமிழனாய்ப் பேசுதல் நம்பத்தகாதது என்பர் ஒரு சாரார். அக்குறளை அவர் மறந்தனர். உறக்கத்தில் ஒருவன் மடிந்து, விழிப்பில் வேறொருவன் பிறந்தானெனின் மொழியும் அவனோடு பிறத்தல் முறையே. சுந்தரம் இல்லாத காலத்து ஊரில் நேர்ந்த மாற்றங்களை அவன் அறியாது திகைப்பதும் அவ்விதிக்கு இணங்கியதே.

புத்தளக் கரையோரத்தார்க்கு இக்கதை பெரிதும் அந்நியமாகத் தோன்றாது. பாலாவிச் சந்தியிற் பிரிந்து, கற்பிட்டி வீதியால் தலவில் அன்னம்மாள் திருத்தலம் செல்லும் யாத்திரிகருள் தமிழ் பேசுவோரும் உளர். சிங்களம் பேசுவோரும் உளர். நீர்கொழும்பு தொடங்கிச் சிலாபம் வரையிலும் முன்னோர் தமிழ் பேசிய குடும்பங்கள் பல, சில தலைமுறைகளுட் சிங்களம் பேசுவனவாயின. உடப்பிலோ தமிழ் நிலைத்தது. தலைமுறைகளில் நிகழ்வதை ஒரு பகற்பொழுதிற் சுருக்கிக் காட்டுகிறது இப்படம். மொழி மாறிய மனிதன் எவ்வீட்டுக்கு உரியவன் என்பதே அது எழுப்பும் வினா.

ஜேம்ஸ் நாடகக் குழு நடத்துபவனாதலின், நிகழ்ந்ததெல்லாம் நாடகமே எனவும், அன்றேல் அவன் கண்ட கனவே எனவும் கூறி ஓட்டையை அடைக்க முயல்வோரும் உளர். அடைப்பின் எதை இழக்க நேருமென்று அவர் எண்ணுதல் நன்று. வந்தவனை மகனென்றே ஏற்கும் கண்பார்வையற்ற தாயும், ஏற்கவும் விலக்கவும் இயலாது நிற்கும் பூங்குழலியும், வாயிலில் அழுது காத்திருக்கும் ஜேம்ஸின் மனைவியும் வெறும் நிழல்களாய்விடுவர். எல்லாம் கனவாயின் எவருக்கும் இழப்பில்லை. இழப்பில்லையேல் இக்கதைக்கு உயிரில்லை. சுந்தரம் என்னவானான் என்று படம் கூறாமைக்கும் இதுவே காரணம். காணாமற்போனவரின் வீட்டார் விடையறியாதே வாழ்கின்றனர். அவர் அறியாததைப் பார்ப்போர் மட்டும் அறிதல் தகாது.

ஆகவே, கதையொன்றில் ஓட்டை கண்ட மாணவன் முதலில் வினவத்தக்கது, அக்கதை வகுத்த விதி யாது என்பது. விதி மீறப்பட்டிருப்பின் தயங்காது குறை கூறுக. மீறப்படாது மௌனம் மட்டுமே இருப்பின், அம்மௌனம் எவர் துயரைக் காக்கிறது என்று ஆராய்க. குறைகாணல் திறனாய்வாக உயர்வது அவ்விடத்தேயாம்.