கார்த்திகையின் முதற்பாதம்: புறநானூறு 229ஆம் பாடலும் இராசிக் கணக்கும்

பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில் பிறந்த மூத்த தலைமுறையினரின் சாதகக் குறிப்பேடுகளில், 'கார்த்திகை முதற்பாதம், மேட இராசி' என்றோ 'கார்த்திகை இரண்டாம் பாதம், இடப இராசி' என்றோ எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். ஒரே நாள்மீன் இரண்டு இராசிகளில் கால்வைத்து நிற்கிறது. பொருத்தம் பார்க்கும்பொழுது இவ்வொரு பாதம் ஒரு சம்பந்தத்தைக் கூட்டவும் முறிக்கவும் வல்லது. இதே கார்த்திகை, இதே முதற்பாதம், கூடலூர் கிழார் பாடிய புறநானூறு 229ஆம் பாடலின் பழைய உரையிலும் இடம்பெறுகிறது. அவ்வுரையின் வழியாகவே நாம் அப்பாடலை மாணவர்க்குக் கற்பித்து வருகிறோம். அது பாடலின் வானத்தைக் காட்டுகிறதா, சாதகக் கட்டத்தைக் காட்டுகிறதா என்பதே இங்கு ஆராயப்படும் வினாவாகும்.

மேலைநாட்டு இராசி வானத்தை விட்டு விலகிவிட்டது, நம்முடையதோ விண்மீன்களைப் பற்றி நிற்பது என்று சோதிடர்களும், ஓரளவு தமிழாசிரியர்களும் கூறுவதுண்டு. இக்கூற்றில் பாதி உண்மை உள்ளது. மேலையோரின் மேடம் மார்ச்சு 21ஆம் நாளையொட்டி வரும் சமஇரவு நாளில் தொடங்குகிறது; விண்மீன்கள் எங்கிருப்பினும் அவர்களுக்குக் கவலையில்லை. நம் பஞ்சாங்கத்தின் மேடம் ஏப்பிரல் நடுவில், சித்திரை முதல் நாளில் தொடங்குகிறது. சமஇரவுப் புள்ளி ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் மேற்கே நகர்ந்துவருவதால் இன்று இவ்விரண்டிற்கும் இடையே 24 பாகை அளவு விலகல் உள்ளது. இதுவே அயனாம்சம்.

மறுபாதிதான் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. பஞ்சாங்கம் 'நட்சத்திரம்' என்று சொல்வது விண்மீனையன்று. வான்வட்டத்தை 27 சமகூறுகளாக்கிய 13 பாகை 20 கலை அளவுள்ள ஒரு துண்டையே அது குறிக்கிறது. துண்டுக்கு நான்கு பாதமாக 108 பாதங்கள். இராசிக்கு ஒன்பது பாதமாகவும் அதே 108. கணக்கு அழகாகவே பொருந்துகிறது. ஆனால், விண்மீன்கள் இக்கணக்கிற்கு உடன்பட்டு நிற்பதில்லை. மேக்நாத் சாகா தலைமையில் 1952இல் அமைந்த இந்திய நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு ஏற்ற சித்திரைப் பட்ச அயனாம்சத்தின்படி அளந்தால், செந்நிறத் திருவாதிரை மீன் மிருகசீரிடத் துண்டில் விழுகிறது. சுவாதி மீன் சித்திரைத் துண்டிலும், திருவோண மீன் உத்திராடத் துண்டிலும் அகப்படுகின்றன. கார்த்திகைக் கூட்டத்தின் ஆறு மீன்களும் இடபத்தின் 6ஆம் பாகையையொட்டி நெருங்கி நிற்கின்றன. அஃதாவது, மேட இராசிக்குரிய கார்த்திகை முதற்பாதத்தில் கார்த்திகை மீன் ஒன்றுகூட இல்லை.

இனிப் பாடலுக்கு வருவோம். யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை மறைவதற்கு ஏழு நாள் முன்னர் விண்ணிலிருந்து ஒரு மீன் வீழ்ந்ததைப் புலவர் தம் தோழரோடு கண்டு அஞ்சியதையும், அஞ்சியபடியே நேர்ந்ததையும் அது கூறுகிறது. அந்த இரவைப் புலவர் ஆட்டையும் கார்த்திகையையும் இணைத்துக் குறிக்கிறார். உரையாசிரியர் இதனை மேட இராசி பொருந்திய கார்த்திகையின் முதற்பாதம் எனக் கொள்கிறார். 108 பாதக் கணக்கை முன்னரே ஏற்றுக்கொண்டவர்க்கு இதைத் தவிர வேறு வழியில்லை. வானத்தைப் பார்ப்பவர்க்கோ வேறொரு வழியும் உண்டு. ஆட்டுருவாகக் கொள்ளப்படும் மங்கலான சில மீன்களுக்குக் கிழக்கே கண்ணில் படும் முதல் தெளிவான கூட்டம் கார்த்திகைதான். ஆட்டை அடுத்திருக்கும் கார்த்திகை என்று ஒருவர் சொல்வதற்குப் பாதக் கணக்குத் தேவையில்லை.

உரையாசிரியரைக் குறைகூறுவது நோக்கமன்று. பாடலின் அடுத்த பகுதியில், உச்சியிலிருந்து சாய்ந்த மீன் உத்தரம் என்றும், அதற்கு எட்டாவதாகிய மூலம் எழுந்தது என்றும், உத்தரத்திற்கு முன் எட்டாவதாகிய மிருகசீரிடம் மறைந்தது என்றும் அவர் தரும் விளக்கமே அப்பாடலின் வானத்தை நமக்கு மீட்டுத் தருகிறது. பங்குனியின் முற்பாதியில் ஞாயிறு மீனத்தில் நிற்க, நள்ளிரவில் உச்சிக்கு வருவது உத்தரமே. திங்கள் கார்த்திகையில் நின்றால் அது வளர்பிறையின் தொடக்க நாள்களாகும். நள்ளிரவுக்குள் திங்கள் மறைந்து செறிந்த இருள் சூழ்ந்திருக்கும். பாடல் கூறும் இருளோடு இது முற்றும் ஒத்துப்போகிறது. எனவே, நாளைத் திங்களாலும் பொழுதைத் தலைக்குமேல் நகரும் மீன்களாலும் அறிந்த ஒருவரின் கூற்றாகவே இப்பாடலைக் கொள்ளவேண்டும். பாதம் என்னும் நுண்ணளவு இதனுள் எங்கும் தேவைப்படவில்லை என்பதே என் கருத்து. நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டிலுக்கு மேலே வரையப்பட்டுள்ள வானிலும் ஆடு முதலாகிய இராசிகளும் திங்களைப் பிரியாத உரோகிணியும் ஒருங்கே காட்சி தருகின்றன. அதுவும் ஓவியமேயன்றிக் கணிதமன்று.

இவ்வேறுபாடு வெறும் உரைச்சிக்கல் எனத் தள்ளத்தக்கதன்று. எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை பரிபாடல் 11ஆம் பாடலின் கோள்நிலையைக் கணித்து அதற்கு கி.பி. 634 எனக் காலம் வகுத்தார். அத்தகைய கணிப்பு எதுவாயினும், பாடலின் சொல் இராசித் துண்டைக் குறிக்கிறதா, கண்ணுக்குத் தெரியும் உருவைக் குறிக்கிறதா என்பதைப் பொறுத்தே நிற்கும் அல்லது விழும். பாடலின் காலத்தைச் சோதிடத்தால் நிறுவிவிட்டு, பின்னர் அதே பாடலைக் கொண்டு சோதிடத்தின் தொன்மையை நிறுவும் வட்டவாதம் நம் ஆய்வேடுகளில் அருகியதன்று.

மீண்டும் அக்குறிப்பேடுகளுக்கு வருவோம். திங்கள் ஒரு பாதத்தைக் கடக்க ஏறத்தாழ ஆறு மணி நேரமாகும். தமிழகப் பஞ்சாங்கத்தை நம் கடிகாரத்திற்கு மாற்ற 1982க்குப் பின் பிறந்தோர்க்கு இரண்டரை மணி நேரம் கூட்டுதல் வேண்டும். 1945க்கும் 1981க்கும் இடையே பிறந்தோர்க்கு இரண்டு மணி நேரம். சப்பானியர் ஆட்சிக்காலத்திலோ மலாயாவின் கடிகாரங்கள் தோக்கியோ நேரத்திற்கு ஒன்றரை மணி முன்தள்ளி வைக்கப்பட்டிருந்தன. பெரட்டுக்கு முன்பா பின்பா என்று நினைவுகூரப்பட்ட பிறப்பு நேரங்கள் இவற்றிற்கும் மேலே. போதாக்குறைக்கு, வாக்கியமும் திருக்கணிதமும் தமக்குள் சில நாழிகை வேறுபடும். இவ்வளவுக்கும் பிறகு 'முதற்பாதம், மேடம்' என்னும் உறுதியை ஒரு பெண்ணின் மணத்தைத் தடுக்கும் அளவிற்கு நம்பியவர்கள், தாம் விண்மீனை நம்புவதாகவே எண்ணினர்.

தைப்பூசத்தன்று ஈப்போ குனோங் சீரோ முருகன் ஆலயத்தில் காவடி எடுப்போர் நிமிர்ந்து பார்த்தாலும் பூசம் தெரியாது. மங்கலான அம்மீன்களை முழுநிலவின் ஒளியே மறைத்துவிடும். ஆனால், 229ஆம் பாடலின் வானத்தை இன்றும் காணலாம். மார்ச்சு 20ஐ ஒட்டிய நிலவற்ற இரவொன்றில், மாணவரை நகரவிளக்குகளுக்கு அப்பால், தோட்டப்புறத்துத் திடல் ஒன்றிற்கு அழைத்துச் செல்லலாம். நம் கடிகார நேரம் சூரிய நேரத்திற்கு முந்தியிருப்பதால் ஈப்போவில் உண்மையான நள்ளிரவு ஏறத்தாழ 1.20க்கே வரும். அப்பொழுது உத்தரம் உச்சியை ஒட்டி நிற்கும். தென்கிழக்கு அடிவானில் மூலம் எழும். மேற்கே மிருகசீரிடம் இறங்கியிருக்கும்.