திகிற்படங்களும் பாவ அறிக்கையும்

திகிற்படங்களை இறையியலார் ஆராய்தல் தகுமோ என்னும் வினா எழலாம். ஒரு சமுதாயம் எதற்கு அஞ்சுகிறது என்பதை அறியாமல் அதற்கு நற்செய்தி கூறுதல் அரிது என்பதே நம் விடை. ஆடம் சைமன் இயக்கி 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி அமெரிக்கன் நைட்மேர்’ என்னும் ஆவணப்படம் இவ்வகையில் நம் கவனத்திற்குரியது.

1968 முதல் 1978 வரை வெளிவந்த ஆறு திகிற்படங்களை இது எடுத்துக்கொள்கிறது. ஜார்ஜ் ரொமேரோ, வெஸ் கிரேவன், டோப் ஹூப்பர் முதலிய இயக்குநர்கள் பேசுகின்றனர். இடையிடையே வியட்நாம் போரின் செய்திப்படக் காட்சிகள் வருகின்றன. அப்போரில் இராணுவப் புகைப்படக்காரராயிருந்து, பின்னர் ஒப்பனைக் கலைஞரான டாம் சவினியும் பேசுகிறார். அக்காலத் திகில், நாட்டின் குற்றவுணர்விலிருந்து பிறந்தது என்பதே படத்தின் வாதம்.

இதனைக் கண்டோர் இருவகையாகப் பிரிகின்றனர். இகழப்பட்ட படங்களுக்கு உரிய மதிப்புக் கிடைத்தது என்று மகிழ்வோர் ஒருசாரார். வணிக நோக்கில் எடுக்கப்பட்டவற்றிற்குப் பிற்காலத்தில் பொருள் ஏற்றப்படுகிறது என்று மறுப்போர் மறுசாரார். ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்தில், பிணங்களிடமிருந்து இரவெல்லாம் தப்பிய கறுப்பின நாயகன், விடியலில் உயிருள்ள மனிதரால் சுடப்பட்டு இறக்கிறான். டுவேன் ஜோன்ஸ் சிறப்பாக நடித்துக் காட்டியமையாலேயே அவரைத் தெரிந்தெடுத்ததாக ரொமேரோ கூறிவந்தார். ஆயினும் 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். அக்டோபரில் படம் வெளிவந்தது. அக்காட்சியை மக்கள் வேறெவ்வாறு கண்டிருக்கக் கூடும்? எழுதியவன் எண்ணியதைவிட மிகுதியாக ஒரு நூல் பேசக்கூடும் என்பதை வேத விளக்கம் பயிலும் நாம் அறிவோம். ஆகவே மறுப்போரின் வாதம் முழுமையானதன்று.

எனினும் நமக்கும் ஒரு குறை உண்டு. ஆவணப்படம் காலத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. தனிமனிதனை அங்கு நிறுத்தத் தயங்குகிறது. கிரேவனின் ‘தி லாஸ்ட் ஹவுஸ் ஆன் தி லெஃப்ட்’ (1972) படத்தை நோக்குவோம். இங்மார் பெர்க்மனின் ‘தி வர்ஜின் ஸ்பிரிங்’ (1960) படத்தின் கதையே இதற்கு அடிப்படை. இரண்டிலும் மகளைக் கொன்றோரைப் பெற்றோர் பழிவாங்குகின்றனர். பெர்க்மனின் தந்தை தன் இரத்தக்கறை படிந்த கைகளோடு கடவுள்முன் நின்று, ஆலயம் எழுப்புவதாகப் பொருத்தனை செய்கிறான். மகள் கிடந்த இடத்தில் ஊற்று பெருகுகிறது. கிரேவனின் பெற்றோருக்கோ வேண்டுதலும் இல்லை, ஊற்றும் இல்லை. கண்டிப்பான பாப்டிஸ்டுக் குடும்பத்தில் வளர்ந்து, வீட்டன் என்னும் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றவர் அவர். அத்தகையவர் நல்ல பெற்றோரையே கொலைஞராக்கிக் காட்டியது, போரை மட்டும் சுட்டி விளக்கிவிடக் கூடியதன்று.

ஆறுதலின்றி முடிவதாலேயே இப்படங்களைத் தள்ளிவிடுதலும் முறையாகாது. 88ஆம் சங்கீதமும் இருளிலேயே முடிகிறது. திருச்சபை அதனை நீக்கிவிடவில்லை. ஆனால் சங்கீதக்காரன் தன் இருளைக் கடவுளிடம் முறையிடுகிறான். முறையிடுவதற்கு எவரும் இல்லாத புலம்பலே இப்படங்களின் உண்மையான திகில்.

நம் ஆராதனையில் பாவ அறிக்கை சில நொடிகளில் முடிந்து, பாவமன்னிப்பு உடனே கூறப்படுகிறது. என்ன பாவம் என்று பெயரிட நாம் நேரம் ஒதுக்குகிறோமா? இவ்வினாவுடன் போதகர்கள் இப்படத்தைக் காண்பாராயின், அது வீண்போகாது.