கமரா பார்த்ததும் பாராததும்

2011 ஜூன் 14, செவ்வாய் இரவு. கார்டிப் டெஸ்டின் கடைசி நாளில் 82 ஓட்டங்களுக்குச் சுருண்ட இலங்கை அணி, சவுத்ஹம்டனில் வியாழனன்று தொடங்கவிருந்த மூன்றாவது டெஸ்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. டில்ஷானுக்குக் கையில் காயம் என்பதால் சங்கக்கார மறுபடி தலைவர். அந்த இரவில்தான் பிரித்தானியாவின் சனல் 4, உள்நாட்டுப் போரின் இறுதிக் கட்டத்தைப் பற்றிய 'இலங்கையின் கொலைக்களங்கள்' ஆவணப்படத்தை ஒளிபரப்பியது.

விளையாட்டுப் பத்தியில் இந்தப் படம் எதற்கு? ரீப்ளே என்றால் என்னவென்று கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. களத்தில் நடந்ததை நிறுத்தி, திருப்பிப் போட்டுப் பார்க்க வைத்த படம் அது.

கலம் மக்ரே இயக்கினார், ஜோன் ஸ்னோ தொகுத்தளித்தார். படத்தின் பலம் வர்ணனையில் இல்லை. கைகள் கட்டப்பட்டவர்களைச் சுட்டுக்கொல்லும் கைத்தொலைபேசிக் காட்சிகளும், 2008 செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டுப் போகையில் போகவேண்டாமென்று மன்றாடிய மக்களும்தான் அதன் பலம். பலவீனமும் உண்டு. தப்பியோட முயன்ற சனங்களைப் புலிகள் தடுத்ததும் சுட்டதும் படத்தில் வருகிறது, ஆனால் சுருக்கமாக. அந்தப் பக்கத்துக்கு இன்னும் நேரம் கொடுத்திருந்தால் 'ஒருதலைப்பட்சம்' என்ற குற்றச்சாட்டு எடுபட்டிருக்காது.

அரசாங்கம் என்ன செய்தது? காட்சிகள் போலி என்றது. கமராவோடு வாதிட்டதே தவிர, காட்டப்பட்டதற்குப் பதில் சொல்லவில்லை. ஓகஸ்ட் 1-ம் திகதி பாதுகாப்பு அமைச்சு ஒரு பதில் படத்தையும் ஓர் அறிக்கையையும் வெளியிட்டது. பொதுமக்கள் இழப்பு பூச்சியம் என்று அதுவரை சாதித்தவர்கள், இழப்பை முற்றாகத் தவிர்க்க முடியவில்லை என்று அந்த அறிக்கையில்தான் எழுதினார்கள். இந்தப் பின்வாங்கலைப் பலர் கவனிக்கவேயில்லை. பயங்கரவாதத்தை முறியடித்த வெற்றி பற்றிய உத்தியோகபூர்வ கணக்கில் விழுந்த முதல் திருத்தம் அது.

படத்துக்கும் அந்த அறிக்கைக்கும் நடுவே, ஜூலை 4-ம் திகதி, லோர்ட்ஸ் மைதானத்தில் சங்கக்காரவின் கவுட்ரி உரை. சவுத்ஹம்டனில் அடித்த 119-ஐ விட அந்த ஒரு மணி நேரத்தை நான் மேலாக வைப்பேன். 1983 கலவரத்தில் கண்டியில் தன் பெற்றோர் தமிழர்களை வீட்டில் ஒளித்து வைத்ததைச் சொன்னார். 2009 மார்ச்சில் லாகூரில் அணியின் பஸ் சுடப்பட்டதைச் சொன்னார். குண்டுக்கு நடுவே குனிந்து கிடந்தவர் பழிவாங்கலைப் பேசவில்லை. அதே உரையில் கிரிக்கெட் நிர்வாகத்தைச் சாடியதற்காக விளையாட்டுத்துறை அமைச்சர் விசாரணை என்று கிளம்பினார்.

ஊவாவில் இருந்துகொண்டு இதையெல்லாம் அலசும்போது எனக்கு வேறொரு களம் ஞாபகம் வருகிறது. பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ. புலிச் சந்தேகநபர்களென்று பிடிபட்டவர்களும் சரணடைந்தவர்களுமான தமிழ் இளைஞர்களுக்கு அரசாங்கமே நடத்திய புனர்வாழ்வு முகாம். 2000 ஒக்டோபர் 25 காலை ஒரு கும்பல் உள்ளே புகுந்து 25-க்கும் மேற்பட்டவர்களை வெட்டியும் எரித்தும் கொன்றது. பொலிஸார் அங்கேயே இருந்தார்கள். சுற்றியுள்ள தோட்டங்களில் அன்றிரவு லயன்களில் யார் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்?

2003-ல் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதித்தது மேல் நீதிமன்றம். 2005 மே மாதம் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு அந்த ஐவரில் கடைசி ஆளும் விடுதலையானார். அன்றைக்குக் கொன்றவன் கையில் கமரா உள்ள தொலைபேசி இல்லை. லண்டனில் எவரும் நிறுத்திப் பார்க்க ஒரு காட்சியும் மிஞ்சவில்லை. உயிர் தப்பியவர்களின் வாக்குமூலம் மட்டும்தான் இருந்தது. அதை யாரும் ரிவியூவுக்கு அனுப்பவில்லை.