பலாப்பழத்துக்கும் பெல்ட் கேட்கும் சீட்

ஏர்பேக்கைப் புகழ ஊரே இருக்கிறது. முன் சீட்டுக்குள் ஒளிந்திருக்கும் சென்சாரைப் புகழ ஆளில்லையே என்ற ஆதங்கம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் மலைப்பாதையில் அதன் அருமையை அனுபவித்தவன் நான்!

பலா சீசனில் அந்த ஜவ்வாது மலையிலிருந்து வெறுங்கையோடு இறங்க மனசு வராது. பெரிய பழமாகப் பார்த்து வாங்கி, பக்கத்து சீட்டில் வைத்துக் கிளம்பினால் கொஞ்ச தூரத்திலேயே 'டிங், டிங்' என்று ஆரம்பித்துவிடும். சாமை மூட்டைக்கும் இதே மரியாதைதான். பெல்ட்டை இழுத்து மாட்டினால் சத்தம் நிற்கும், கொண்டை ஊசி வளைவில் பழமும் உருளாது. இதைத் தொல்லை என்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். பாரம் ஏறிவிட்டது, பெல்ட் மாட்டவில்லை என்று கண்ணில்லாத ஒரு சீட் கண்டுபிடித்துச் சொல்கிறது. எவ்வளவு பெரிய விஷயம்!

சீட் கவர் மாற்றும்போது உள்ளே பார்த்தேன். மேலுறைக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவே அப்பளம்போல மெல்லிசாக ஒரு பிளாஸ்டிக் தாள். உண்மையில் அது இரண்டு தாள்கள். நடுவில் ஓட்டைகள் போட்ட இன்னொரு படலம் அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. ஆள் உட்கார்ந்ததும் ஓட்டை இருக்கும் இடங்களில் மேல்தாளும் கீழ்த்தாளும் தொட்டுக்கொள்கின்றன, மின்சாரம் பாய்கிறது. அவ்வளவுதான் சங்கதி. எனக்குப் புல்லரித்துவிட்டது.

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களில், ஓட்டுநருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் பெல்ட் நினைவூட்டி கட்டாயம். அந்தச் சத்தத்தை ஏமாற்றவே பக்கிளில் செருகும் கிளிப்புகளை விற்றார்கள். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டதில், ஐந்து இணைய விற்பனைத் தளங்களிலிருந்து 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. செய்தியைப் படித்ததும் கைதட்டினேன். சத்தத்தை அடக்க வேண்டுமா, பெல்ட்டைப் போடுங்கள் ஐயா!

இதைவிடக் கெட்டிக்கார சீட்டுகளும் உண்டு. 1990களில் அமெரிக்காவில் முன் சீட்டில் இருந்த சின்னக் குழந்தைகள் ஏர்பேக் விரிந்த வேகத்திலேயே இறந்தார்கள். அதனால் 2000-இல் அங்கே விதியைத் திருத்தினார்கள். அதற்கேற்பச் சில கார்களில் ஸ்பாஞ்சுக்கு அடியில் திரவப் பை, சிலவற்றில் சீட்டைத் தாங்கும் இரும்பிலேயே எடை பார்க்கும் சென்சார். உட்கார்ந்திருப்பது குழந்தை என்று தெரிந்தால் அந்தப் பக்க ஏர்பேக்கை அணைத்து, டேஷ்போர்டில் விளக்கும் போட்டுவிடும். மோதினால் ஏர்பேக் விரிய ஏறக்குறைய 30 மில்லிசெகண்டுதான். அப்போது யோசிக்க நேரமேது? எல்லாக் கணக்கையும் முன்கூட்டியே போட்டு வைத்திருக்கிறது சீட்! நம்மூரின் சாதாரணக் கார்களில் பெரும்பாலும் இது கிடையாது. பிள்ளைகளைப் பின் சீட்டில், அவர்களுக்கான இருக்கையில்தான் உட்கார வைக்க வேண்டும்.

இப்போது ரேடாரும் வந்துவிட்டது. பூட்டிய காருக்குள் போர்வைக்கு அடியில் தூங்கும் குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவதைக்கூட அது கண்டுபிடித்துவிடும். 2023 முதல் ஐரோப்பியப் பாதுகாப்புச் சோதனையில் இந்த வசதிக்கு மதிப்பெண்ணே தருகிறார்கள். நம்மால் வாங்க முடிகிற விலையுள்ள கார்களுக்கும் அது வரட்டும், ஷோரூம் வாசலில் முதல் ஆளாக நான் நிற்பேன்.